கம்பியில்லா மின்சாரமும் கணக்கறிந்த பலகையும்

இயற்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி



சென்ற பங்குனித் திங்கள் நம் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் நான் ஆற்றிய சொற்பொழிவு உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். கம்பி இல்லாமல் மின்சாரம் அனுப்புவது பற்றியும், அவ்வாறு அனுப்பும் அலையைச் சுவரில் மாட்டிய ஒரு பலகையால் திருப்பிக் குவிப்பது பற்றியும் பேசினேன். "பலகையின் பரப்பு இரு மடங்கானால் கிடைக்கும் திறன் நான்கு மடங்காகும், பத்து மடங்கானால் நூறு மடங்காகும்!" என்று குரலை உயர்த்திச் சொன்னபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டம் முடிந்தபின் முதலாண்டில் படிக்கும் தம்பி ஒருவர் அருகில் வந்தார். சேலத்துக்காரர். "அக்கா, எங்கள் அப்பாவுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். பாட்டரி தீரப் போகிறதாம். ஆனி மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். நீங்கள் சொன்ன பலகை வந்துவிட்டால் ஆபரேஷன் வேண்டாம், இல்லையா?" என்று கேட்டார். பேஸ்மேக்கர் இயங்க எவ்வளவு திறன் வேண்டும் என்பதை நான் படித்திருந்தேன். ஏறத்தாழ 10 மைக்ரோவாட். அதாவது ஒரு வாட்டில் இலட்சத்தில் ஒரு பங்கு. பலகை தரும் என்று என் கணக்கு சொன்னதோ 40 மைக்ரோவாட். ஆகவே, "வரும் தம்பி, சீக்கிரமே வரும்" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் காண்டீனில் அவரைக் கண்டேன். "வீட்டில் சொன்னேன் அக்கா. அப்படியானால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் அப்பா" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிரவே அவருடைய தந்தையாருடன் தொலைபேசியில் பேசி, மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிப் போட வேண்டாம் என்று வேண்டிக் கொண்டேன். "ஏனம்மா, வரும் என்று நீதானே சொன்னாயாம்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றபோதுதான் மேடையில் நான் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பது எனக்கே தெரிந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

செய்தி வேறு, ஆற்றல் வேறு

இந்தக் கதையை நாம் படிக்கும் கொல்கத்தாவிலிருந்தே தொடங்கலாம். 1895-ஆம் ஆண்டு இந்நகரின் நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை ஏவிக் காட்டினார். தொலைவிலே மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. ஆனால் மணியை அடித்த ஆற்றல் அலையோடு வந்ததன்று. அலை கொண்டு வந்தது ஒரு சைகையை மட்டுமே. சைகை கிடைத்தவுடன் அங்கேயே காத்திருந்த பாட்டரி மணியை அடித்தது.

செய்தி அனுப்புவதற்கும் ஆற்றல் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. செய்திக்குக் கடுகளவு அலை போதும். வானொலிப் பெட்டி அதைப் பிடித்துத் தன் சொந்த மின்சாரத்தால் பெருக்கிக் கொள்கிறது. ஆனால் அலையை மட்டுமே உண்டு வாழ வேண்டிய கருவிக்கு, வந்தது எவ்வளவோ அவ்வளவுதான் சோறு.

அலையின் வழியே ஆற்றலை அனுப்பவே முடியாதா? முடியும். 1964-இல் அமெரிக்காவில் வில்லியம் பிரவுன் என்னும் பொறியாளர் நுண்ணலையின் ஆற்றலைக் கொண்டே ஒரு சிறு ஹெலிகாப்டரைப் பறக்க வைத்துக் காட்டினார். 1975-இல் கலிபோர்னியாவிலுள்ள கோல்ட்ஸ்டோன் என்னுமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் 30 கிலோவாட்டுக்கும் மேற்பட்ட திறன் பெறப்பட்டது. ஆனால் அலையை அனுப்பிய கிண்ண ஏரியலின் குறுக்களவு 26 மீட்டர். நம் விடுதி அறையில் அதை எங்கே வைப்பது?

ஆகவே சிறு அறைக்குச் சிறு கணக்குப் போடுவோம். ஒரு மூலையில் 1 வாட் திறனுள்ள அனுப்பி இருக்கிறது. அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். எல்லாத் திசைகளிலும் அலை சமமாகப் பரவுவதாகக் கொள்வோம். 5 மீட்டர் தொலைவை எட்டும்போது அந்த 1 வாட் ஒரு பெரிய கோளத்தின் பரப்பெங்கும் விரிந்துவிடும். அதன் பரப்பு 314 சதுர மீட்டர். அங்கே நாம் வைக்கும் சிறு ஏரியல் பிடிப்பதோ 12 சதுர சென்டிமீட்டர் அளவு. வகுத்துப் பாருங்கள்: கைக்கு வருவது 3.8 மைக்ரோவாட்! மற்றதெல்லாம் சுவரையும் கூரையையும் சேர்ந்துவிடுகிறது. நடுவே ஓர் இரும்பு அலமாரி நின்றால் இந்த 3.8-உம் இல்லை.

தாளம் சேர்ந்தால்

சுவருக்குப் போய் வீணாகும் அலையைத் திருப்பிவிட்டால் என்ன? அதற்கு வெறும் தகரமே போதாதா? 1888-இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் துத்தநாகத் தகட்டை வளைத்து அலையைத் திருப்பித்தான் காட்டினார். ஆனால் தகடு ஒருமுறை வளைத்தால் வளைத்ததுதான். கருவியை ஒரு முழம் நகர்த்தினால் தகட்டையும் மீண்டும் வளைக்க வேண்டும்.

அலையைக் குவிப்பது என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். ஊரில் தேர் இழுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடத்தைப் பிடித்த இருநூறு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலில் ஒரே நொடியில் இழுத்தால் நிலையை விட்டுக் கிளம்பும். அலைகளும் அப்படியே. சுவரின் ஒவ்வொரு சிறு பகுதியிலிருந்தும் திரும்பும் அலை வெவ்வேறு தொலைவு நடந்து வருவதால், ஒன்று மேடாக வரும்போது மற்றொன்று பள்ளமாக வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகின்றன. எல்லா அலைகளும் ஒரே புள்ளியில், ஒரே நொடியில், மேட்டோடு மேடாக வந்து சேரச் செய்துவிட்டால்? அதுவே குவித்தல்.

நான் பேசிய பலகை இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் பக்கமுள்ள அட்டையில், பக்கத்துக்கு 16 வீதம், 6 சென்டிமீட்டர் அளவுள்ள 256 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு செப்புத் தகடு. தகட்டோடு இணைந்த ஒரு டையோடு. டையோடில் மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சதுரம் அலையை ஒரு கணக்கில் திருப்பும். பாயாவிட்டால் அரை அலை அளவு பிந்தித் திருப்பும். எந்தச் சதுரம் பிந்த வேண்டும், எது முந்த வேண்டும் என்று ஒரு சிறு கணிப்பொறி சொல்லும். கருவி நகர்ந்தால் பலகையை வளைக்க வேண்டியதில்லை. கட்டளையை மாற்றினால் போதும். இதனால்தான் இதை அறிவார்ந்த எதிரொளிப்புப் பரப்பு என்கிறார்கள். அறிவு கணிப்பொறியுடையது, பலகைக்கு இருப்பது கீழ்ப்படிதல் மட்டுமே.

இதில் நமக்கு ஓர் உரிமையும் உண்டு. பொருள் என்ன என்பதைவிட அது எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அலையை ஆளும் என்பதுதான் இந்தப் பலகையின் அடிப்படை. அதை 1898-இல் இதே நகரில் போஸ் சணல் நாரைக் கொண்டு காட்டினார். முறுக்கிய சணல் கட்டுகளின் வழியே அலையைச் செலுத்தியபோது அலை அதிரும் தளம் திரும்பியது. இடமாக முறுக்கினால் ஒருபுறம். வலமாக முறுக்கினால் மறுபுறம். சணல் அதே வங்காளத்துச் சணல்தான், முறுக்குத்தான் வேறு.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் கழிந்தது. 2011-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கபாசோ குழுவினர், ஒளியின் அலைநீளத்தினும் மெல்லிய பரப்பில் நுண்ணிய உலோக வடிவங்களை அடுக்கி, ஒளியை வேண்டிய திசையில் திருப்பினர். 2014-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் சுய் தியே சுன் குழுவினர், கட்டளைக்கேற்ப மாறும் பரப்பை உருவாக்கினர். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சதுரங்களின் எண்ணிக்கைக்கும் கிடைக்கும் திறனுக்கும் உள்ள கணக்கை வகுத்துக் காட்டினர். நான் மேடையில் முழங்கிய "இரண்டுக்கு நான்கு, பத்துக்கு நூறு" அந்தக் கணக்குத்தான்.

நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது?

இரண்டு சதுரம் சேர்ந்தால் நான்கு மடங்கு என்றால், மிச்ச இரண்டு மடங்கை யார் கொடுத்தார்? ஆற்றல் புதிதாகப் பிறப்பதில்லை என்று பள்ளியிலேயே படித்தோம் அன்றோ?

குளத்தில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் எறியுங்கள். இரண்டு மேடுகள் சேரும் இடத்தில் நீர் இரு மடங்கு உயரும். அலையின் ஆற்றல் உயரத்தின் இருபடியாகப் பெருகுவதால் அந்த இடத்தில் ஆற்றல் நான்கு மடங்கு. ஆனால் மேடும் பள்ளமும் சேரும் இடங்களைப் பாருங்கள். அங்கே நீர் அசைவற்றுக் கிடக்கிறது. குளம் முழுவதும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு கல்லின் ஆற்றல்தான். ஓரிடத்தின் நான்கு, வேறோரிடத்தின் வெறுமையிலிருந்து வந்தது.

பலகையிலும் அப்படியே. அனுப்பியிலிருந்து 4 மீட்டரில் பலகை. பலகையிலிருந்து 3 மீட்டரில் கருவி. 4 மீட்டரில் கோளத்தின் பரப்பு 201 சதுர மீட்டர். அதில் பலகை மறிப்பது ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே பலகைமேல் விழுவது 4.6 மில்லிவாட். அதைப் பலகை 3 மீட்டரில் குவிக்கும்போது அது ஊசிமுனையாகக் குவிவதில்லை. ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு திட்டாகத்தான் விழுகிறது. அந்தத் திட்டில் நம் ஏரியல் பிடிப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 4.6 மில்லிவாட்டில் அந்தப் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரோவாட். நான் தம்பியிடம் நம்பிக்கையோடு எண்ணிய 40 இதுவே.

இப்போது பலகையை இரு மடங்காக்குவோம். அது மறிக்கும் அலை இரு மடங்கு. பெரிய பலகை கூர்மையாகக் குவிப்பதால் திட்டின் பரப்பு பாதி. இரண்டையும் பெருக்கினால் நான்கு. மாயம் ஒன்றுமில்லை: பிடிப்பதில் ஒரு மடங்கு, குவிப்பதில் ஒரு மடங்கு. இரண்டும் அறையின் மற்ற இடங்களிலிருந்து எடுத்ததே.

இந்த ஏணிக்கு முடிவும் உண்டு. பத்து மடங்கு பலகை என்றால் பக்கம் 3 மீட்டருக்கு மேல். பலகைக்கும் கருவிக்கும் இடையே உள்ள தொலைவே 3 மீட்டர் என்றால், ஓரத்துச் சதுரங்கள் எட்டத்திலும் சாய்விலும் போய்விடுகின்றன. அவற்றின் பங்கு குறைகிறது. ஆகையால் அந்த அறையில் நூறு மடங்கு கிடைக்காது. மேடையில் நான் சொன்னது தொலைவு மிகப் பெரிதாகவும் பலகை சிறிதாகவும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். அந்த "மட்டும்" என்ற சொல்லைத்தான் விட்டுவிட்டேன்.

கழிவு போக மிச்சம்

மளிகைக் கடையில் மூட்டையின் எடையைச் சொன்னால் கழிவு எவ்வளவு என்று கேட்போம். நாமும் கேட்போம்.

முதற்கழிவு சாய்வு. அனுப்பியும் கருவியும் பலகைக்கு நேரெதிரே இருப்பதில்லை. இரண்டு பக்கமும் 45 பாகை சாய்ந்திருந்தால் 40 என்பது 20 ஆகும்.

இரண்டாவது, டையோடுக்கு இரண்டே நிலைகள். சரியான பிந்துதலைத் தராமல் "இது, இல்லையேல் அது" என்று இரண்டில் ஒன்றையே தருவதால், நூற்றுக்கு நாற்பது பங்குதான் மிஞ்சும். 20 என்பது 8 ஆகும். நான்கு நிலைகள் கொண்ட சதுரம் அமைத்தால் நூற்றுக்கு எண்பது கிடைக்கும். ஆனால் செலவும் சிக்கலும் கூடும்.

மூன்றாவது, வந்த அலையை நேர் மின்சாரமாக்க வேண்டும். இத்தனை மெலிந்த அலை, மாற்றும் டையோடைத் திறக்கவே திணறும். நாலில் ஒரு பங்கு தேறினால் நன்று. 8 என்பது 2 ஆயிற்று.

40 என்று தொடங்கினோம். 2-இல் வந்து நிற்கிறோம்.

நான்காவது கழிவு பலகையின் சொந்தச் சாப்பாடு. மின்சாரம் பாயும் ஒவ்வொரு டையோடும் 8 மில்லிவாட் உண்பதாகக் கொள்வோம். 256-இல் பாதி எப்போதும் உண்டுகொண்டிருந்தால் 1 வாட்! அனுப்பி அனுப்புவதே 1 வாட்தான். மின்னழுத்தத்தால் மட்டும் இயங்கும் வேறு வகை டையோடுகள் மிகக் குறைவாகவே உண்ணும். எனினும் அவற்றுக்குக் கட்டளையிடும் சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் இப்போது முயன்றுகொண்டிருப்பது இந்தச் செலவைக் குறைக்கத்தான்.

ஐந்தாவது ஒரு விடுகதை. கருவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலகை குவிக்க முடியும். கருவி தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு ஆற்றல் வேண்டும். ஆற்றல் வேண்டுமானால் பலகை குவிக்க வேண்டும்! கருவி நகராமல் ஓரிடத்தில் இருந்தால் இந்த முடிச்சு எளிதில் அவிழும். நடமாடும் மனிதரின் மார்பில் இருந்தால் அவிழாது.

மார்புக்குள் ஏன் செல்லாது

இனி அந்தத் தந்தையாருக்குச் சொன்ன விடை. பேஸ்மேக்கருக்கு 10 வேண்டும். நம்மிடம் மிஞ்சியது 2. அதுவும் உடலுக்கு வெளியே. தோலை எட்டும் அலையில் ஏறத்தாழ பாதி திரும்பிவிடும். தசைக்குள் 2 சென்டிமீட்டர் சென்றாலே மிகவும் மெலிந்துவிடும். பேஸ்மேக்கரின் கூடோ டைட்டானியம் உலோகம். அலையை உள்ளே விடாது.

"அனுப்பியின் திறனைக் கூட்டினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கூட்டினாலும் மற்றொரு தடை இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அந்தப் பெரியவர் சந்தைக்குப் போவார், பேருந்தில் போவார், தோட்டத்தில் நிற்பார். அவருடைய இதயத் துடிப்பு எந்த அறையின் எந்தப் பலகையையும் நம்பி இருக்கக் கூடாது.

மருத்துவ உலகம் இந்த வழியை அறியாததன்று. 1958-இல் சுவீடனில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரே, தோலுக்கு வெளியே வைத்த சுருளிலிருந்து மின்னேற்றம் செய்யத்தக்கதாகத்தான் அமைக்கப்பட்டிருந்தது. அந்த வழி நிலைக்கவில்லை. 1970-களில் லித்தியம் அயோடின் பாட்டரி வந்தது. அது பல ஆண்டு சீராக உழைக்கும். தீரப் போவதைப் பல மாதம் முன்பே காட்டிக் கொடுக்கும். மருத்துவருக்கு வேண்டியது அந்த நிதானமே. எட்டாண்டு உழைத்த பாட்டரி, "என்னை மாற்றுங்கள்" என்று முன்கூட்டியே சொல்கிறது. அதைக் கேட்பதுதான் முறை.

தோலைத் தாண்டிக் கம்பியில்லாமல் மின்சாரம் பெறும் கருவிகளும் உண்டு. செவிப்புலன் இழந்தவர்களுக்கு வைக்கும் காக்ளியர் கருவி அவ்வாறு இயங்குகிறது. ஆனால் அங்கே சுருளுக்கும் சுருளுக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். மேலும் சுருளைக் கழற்றினால் ஒலி நிற்குமே தவிர உயிர் நிற்காது.

பலகை எங்கே உதவும்?

அப்படியானால் இந்தப் பலகையே வீண்தானா? இல்லை. அதற்கேற்ற வேலையைக் கொடுக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்தில் ஹூக்ளி மாவட்டத்தில் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்குகள் இருக்கின்றன. அத்தகைய கிடங்கின் நடைவழிகளில் வெப்பமும் ஈரமும் அளக்கும் சிறு கருவிகள் தொங்குவதாக எண்ணுங்கள். அவை நகர்வதில்லை. ஓயாமல் பேச வேண்டியதும் இல்லை. 2 மைக்ரோவாட் வீதம் பத்து நிமிடம் சேர்த்தால் 1.2 மில்லிஜூல் ஆகும். ஒருமுறை வெப்பம் அளந்து, ஒரு சிறு செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் உறங்க அது போதும். பத்துக் கருவிகள் இருந்தால் பலகை முறை வைத்து ஒவ்வொன்றின் பக்கமும் திரும்பும். ஒவ்வொன்றும் காத்திருக்கும் நேரம் அதற்கேற்ப நீளும். ஏணி வைத்து ஏறிப் பாட்டரி மாற்றும் வேலை மிஞ்சும். ஒரு கருவி ஒருவேளை பேசாமல் போனால் கிழங்கு காத்திருக்கும். இதயம் காத்திராது.

நான் படிக்கும் பொருளில் எனக்கு இன்னும் காதல் குறையவில்லை. 2 மைக்ரோவாட்டை 5 ஆக்க முடியுமா என்பதே என் நாட்களின் கவலை. ஆனால் அந்த 5-ஐ மேடையில் சொல்லும்போது 40 என்று சொல்லக் கூடாது என்பதை ஒரு தம்பியின் வீட்டிலிருந்து கற்றுக் கொண்டேன். தென்காசிப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்து படிக்கும் எனக்கு, நம் மன்றத்தில் அறிவியல் பேசுகிற அக்கா என்று ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த மதிப்பை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவர் ஆனிக்குக் காத்திராமல் வைகாசியிலேயே சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொண்டிருக்கிறார். "கணக்கைச் சொன்னாயே அம்மா, அது போதும்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நானோ வேறு எவரோ மேடையேறி இத்தனை மடங்கு, அத்தனை மடங்கு என்று சொன்னால், "கழிவு போக எவ்வளவு?" என்று எழுந்து கேளுங்கள். விடை வந்தபின் கை தட்டலாம்.